பதினெட்டுத் துளி

வேண்டாம் ஐயா, அந்தச் சேலையின் நிறத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தங்கள் மகள் கோவில்பட்டியிலிருந்து அனுப்பிய படம் தெளிவாகவே இருக்கிறது. 'இது அரக்கா, மெரூனா?' என்று பக்கத்து இருக்கைக்காரனைக் கேட்பதும் இயல்பான கேள்விதான். ஆனால் திரையில் தெரியும் நிறத்தை நம்பிக் கெட்டவன் ஒருவன் இந்தப் பேருந்தில் இருப்பான் என்றும், அவன் பக்கத்திலேயே தங்களுக்கு இடம் வாய்க்கும் என்றும் தாங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். தாங்கள் எங்கே இறங்க வேண்டும்? திருச்செந்தூர் வரைக்கும்தானா? நல்லது. நேரம் இருக்கிறது.

என் பெயர் பொன்னுலிங்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளனாக முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். எல்லாம் நடந்த பின்பும் எனக்குச் சால்வை போர்த்தித்தான் அனுப்பினார்கள். பள்ளிப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. வேதியியலை நானாகவே கற்றேன். பேராசிரியர்கள் மேசையில் விரித்துவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் நூல்களை எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே படித்துக் கற்றேன். இன்றைக்கும் சில சமன்பாடுகளைத் தலைகீழாக எழுதிக் காட்டினால்தான் எனக்குச் சட்டென்று விளங்கும். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை பேசுகிற வழக்கம் எனக்கு அறவே கிடையாது. மூன்று துறைத் தலைவர்கள் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள்.

அந்தத் துறையில் என் கைக்கு ஒரு பெயர் இருந்தது. அதை விளக்கினால்தான் மற்றது விளங்கும். பியூரெட் என்று ஒரு கண்ணாடிக் குழாய்; செங்குத்தாக நிற்கும்; உடம்பெல்லாம் அளவுக் கோடுகள்; அடியில் திறந்து மூட ஒரு திருகு. அதில் நாவற்பழச் சாறு போன்ற பர்மாங்கனேட். கீழே ஒரு குடுவையில் சூடான, நிறமில்லாத அமிலம். மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால் விழுகிற நிறமெல்லாம் கீழே போய் மறைந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு துளி மறையாது. குடுவை முழுவதும் ஒரு மெல்லிய சிவப்பு நிற்கும். அங்கே திருகை மூடி, எத்தனை மில்லி இறங்கியது என்று குழாயில் பார்த்து எழுத வேண்டும். அதற்கு என்ட் பாயின்ட், அதாவது முடிவுநிலை, என்று பெயர். ஒரு துளி கூடினாலும் குற்றம். மாணவர்கள் பதற்றத்தில் திருகைத் திறந்துவிட்டுக் குடுவையைக் கத்தரிப்பூ நிறமாக்கிவிடுவார்கள். அப்போது நான் பின்னால் போய் நின்று, "என்ன தம்பி, ஹோலி கொண்டாடுதீகளோ?" என்று கேட்பேன். முப்பது ஆண்டுகளாக ஒரே நையாண்டி. முப்பது ஆண்டுகளாகச் சிரித்தார்கள். நான் செய்தால் அரைத் துளி பிசகாது. எங்கள் பேராசிரியை ஹெப்சிபா அம்மையார் பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளர்கள் வரும்போதெல்லாம், "அண்ணாச்சி கைக்கு என்ட் பாயின்ட் தப்பாது" என்று சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செய்முறைத் தேர்வன்று எந்த எண்ணுக்கு என்ன விடை என்பது பேராசிரியருக்கும் தெரியும். கரைசலைக் கலக்கிவைத்த எனக்கும் தெரியும். பிள்ளைகள் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் நிற்பார்கள். நான் மேசையைத் துடைப்பதுபோலப் போய், "பதினெட்டுக்கு மேல மெதுவாப் போங்க" என்பேன். ஒரு இருமல், ஒரு தொண்டைச் செருமல். அவ்வளவுதான். இதை முறைகேடு என்று சொல்வார் உளர். நான் அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன். எல்லாக் கல்லூரிகளிலும் ஆய்வக உதவியாளர்கள் இரக்கமுள்ளவர்களே.

அப்படி இருக்கையில் கொரோனா வந்தது. பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தார்கள். பாடத்தை இணையத்தில் நடத்தினார்கள், சரி. செய்முறையை எப்படி நடத்துவது? அம்மையார் ஒரு வழி கண்டார். நான் மட்டும் ஆய்வகத்துக்குப் போய்ச் சோதனையைச் செய்வது. அவர் வீட்டிலிருந்து விளக்குவது. பிள்ளைகள் திரையில் பார்த்து அளவைக் குறித்துக்கொள்வது. கைப்பேசியை நிறுத்த முக்காலி இல்லை. பியூரெட்டைப் பிடிக்கும் இரும்புக் கவ்வியிலேயே கைப்பேசியையும் கவ்வவைத்தேன். ஒரு கவ்வியில் பியூரெட், எதிர்க் கவ்வியில் கைப்பேசி, நடுவில் நான்.

முதல் வகுப்பன்று நான் தலைக்கு மை பூசி, கஞ்சி போட்ட சட்டை அணிந்து புறப்பட்டேன். என் மனைவி சொர்ணம் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஊரெல்லாம் பூட்டிக் கிடக்கு. நீங்க யாரு கல்யாணத்துக்குப் போறீய?"

"வகுப்பு எடுக்கப் போகிறேன்."

"வகுப்பு எடுக்கது அந்தம்மா. நீங்க ஊத்தப் போறீய."

என் கலையை அவள் ஒருபோதும் மதித்ததில்லை. அவளை விடுங்கள்.

அன்றைக்குத்தான் அது தொடங்கியது. திரையில் முப்பத்தெட்டுக் கட்டங்கள், முப்பத்தெட்டு முகங்கள். நான் சொட்டுச் சொட்டாக விட்டேன். மெல்லிய சிவப்பு வந்து நின்றது. அப்படி ஒரு அழகான முடிவுநிலையை அந்த ஆண்டில் நான் செய்ததில்லை. திருகை மூடி, குடுவையைக் கைப்பேசிமுன் தூக்கிக் காட்டினேன்.

"அண்ணாச்சி, எப்ப கலர் வரும்?" என்றான் வகுப்புத் தலைவன் அந்தோணி ராபின்.

"வந்துவிட்டது, தம்பி."

"வெள்ளையாத்தானே இருக்கு!"

"பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு அண்ணாச்சி," என்றது இன்னொரு குரல். ஒரு பையன் தன் தாயிடம், "இந்தா, எங்க அண்ணாச்சிக்கே இன்னைக்கு வரல" என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. ஒலியை அணைக்க மறந்திருந்தான்.

கைப்பேசிக்கு மெல்லிய சிவப்பு பிடிக்காது ஐயா. இருக்கிற நிறத்தைத் தன் விருப்பத்துக்கு வெளுத்துத்தான் காட்டும். இதை அப்போதே எடுத்துச் சொல்லியிருக்கலாம். 'உங்களுக்குத் தெரியாது, ஆனால் இங்கே இருக்கிறது' என்று முடித்திருக்கலாம். ஆனால் எனக்கே வரவில்லையாம்! திருகை இன்னும் கொஞ்சம் திறந்தேன். ஐந்து துளி, பத்துத் துளி, பதினெட்டாவது துளியில் குடுவை ரோஜாப்பூ நிறமாகிவிட்டது.

"ஆ! வந்துட்டு! வந்துட்டு!" முப்பத்தெட்டுக் கட்டங்களிலும் ஆரவாரம். திரையில் சிறுசிறு இதயங்களும் கைதட்டல்களும் மிதந்து மேலே போயின. அதுநாள்வரை எனக்கு யாரும் இதயம் அனுப்பியதில்லை. சொர்ணமும் அனுப்பியதில்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வகுப்பிலும் உண்மையான இடத்தைத் தாண்டிப் பதினெட்டுத் துளி. முக்கால் மில்லிக்கும் மேலே. எந்தக் குற்றத்துக்கு முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளை நையாண்டி செய்தேனோ அதையே கஞ்சிச் சட்டை போட்டுக்கொண்டு செய்தேன். கடைசித் துளியைச் சற்றுத் தாமதித்து, மேலே ஒருமுறை பார்த்துவிட்டு விடுவேன். பயிற்சி வகுப்புதானே? வருகிற அளவைச் சரியான விடையோடு ஒப்பிடுவோர் எவருமில்லை.

பிறகு தேர்வு வந்தது. அதையும் இணையத்திலேயே நடத்தச் சொல்லிவிட்டார்கள். முதல்நாள் அம்மையார் ஆய்வகத்துக்கு வந்தார். கைப்பேசி இல்லை, ஆரவாரம் இல்லை. நான் அவர் கண்ணெதிரே செய்தேன். சரியான முடிவுநிலை: பத்தொன்பது புள்ளி நான்கு மில்லி. அதைச் சரியான விடை என்று குறித்துக்கொண்டு அவர் போய்விட்டார். மறுநாள் பிள்ளைகள் திரையில் பார்த்து எழுதும் அளவை அதோடு ஒப்பிடுவார். பிழை நூற்றுக்கு இரண்டு வரை இருந்தால் முழு மதிப்பெண். நான்கைத் தாண்டினால் தோல்வி.

எனக்கு இரக்கம் வந்தது. திரையில் இருமினால் எல்லோருக்கும் கேட்கும், அம்மையாருக்கும் கேட்கும். ஆகவே அந்தோணி ராபினுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன்: 'வீட்டு எண் பத்தொன்பது, நான்காம் தெரு.' கெட்டிக்காரப் பையன். வகுப்புக் குழுவில் உடனே போட்டுவிட்டான். வயிறு நிறையச் சாப்பிட்டவன்போல நிம்மதியாகத் தூங்கினேன்.

தேர்வன்று நான் தனியாக ஆய்வகத்தில். அம்மையார் வீட்டில், யாராவது எதையாவது பார்த்து எழுதுகிறார்களா என்று முகங்களையே கண்காணித்துக்கொண்டிருந்தார். குழாயை அவர் பார்க்கவில்லை. என் கை, அவர் வேறு பார்ப்பானேன்? நானும் வழக்கப்படியே மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் குடுவை ரோஜாப்பூ. மூன்று முறையும் குழாய் காட்டிய அளவு இருபது புள்ளி மூன்று.

தாங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறீர்கள். ஆம் ஐயா. முதல்நாள் ஒரு விடையைக் குறித்துக் கொடுத்தவனும் நான்தான். மறுநாள் வேறொரு அளவைச் செய்து காட்டியவனும் நான்தான். அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. என் மனத்தில் அவை இரண்டும் இரண்டு வேலைகள்: ஒன்று வேதியியல், மற்றது வகுப்பு.

முப்பத்தேழு பேர் பத்தொன்பது புள்ளி நான்கு என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் இருபது புள்ளி மூன்று.

அவள் பெயர் இசக்கிச்செல்வி. வள்ளியூருக்குத் தெற்கே ஊர். தகப்பனார் காற்றாலையில் காவலாளி. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அவருடையது. வகுப்பு நேரத்துக்கு மட்டும் அவள் காற்றாலைக்கே போய், அதன் அடியில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பேச வாயைத் திறந்தால் இறக்கை சுற்றும் 'வூங் வூங்' ஓசைதான் முதலில் வரும். வகுப்புக் குழுவில் அவள் இல்லை. என் இரக்கம் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் திரையில் தெரிந்ததைப் பார்த்தாள், பார்த்ததை எழுதினாள், தோற்றாள். மதுரையில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருந்தது. எந்தப் பாடமும் பாக்கியில்லை என்று இரண்டு வாரத்துக்குள் காட்டாவிட்டால் இடம் போய்விடும்.

எனக்கே கைப்பேசியில் அழைத்துப் பேசினாள்.

"அண்ணாச்சி, நான் பாத்தது இருபது மூணு. மூணு தடவையும் இருபது மூணு."

"பார்வை பிசகியிருக்கும் அம்மா."

"ஒரு தடவை பிசகும். மூணு தடவையுமா?"

"பேராசிரியையிடம் சொல்லிப் பார்."

"சொன்னேன். 'அண்ணாச்சி கை தப்பாது, நீ ஒழுங்காப் பாக்கல'ன்னுட்டாங்க. அப்ப என் கண்ணுதான் தப்பா அண்ணாச்சி?"

இந்த இடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. தாங்கள் வழியில் இறங்கிப் போகிறவர், சொல்லிவிடுகிறேன். "இருக்கலாம் அம்மா. ஒருமுறை கண்ணைக் காட்டிவிடு" என்றேன்.

அந்தப் பெண் போய்க் காட்டிவிட்டு வந்துவிட்டாள் ஐயா! ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போய், ஒரு பகல் முழுவதும் காத்திருந்து, சீட்டு வாங்கி வந்தாள். மறுநாள் மறுபடியும் 'வூங் வூங்'.

"கண்ணு சரியாத்தான் இருக்காம் அண்ணாச்சி. அடுத்தது எதைப் பாக்கணும்?"

நான் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிற்பாடு நெட்வொர்க் போய்விட்டது என்று செய்தி அனுப்பினேன்.

அவள் முதல்வருக்கு மனு எழுதினாள். 'எல்லாரும் பார்க்க, அதே கரைசலை, அதே அண்ணாச்சி இன்னொரு முறை செய்யட்டும். தவறு என்னுடையது என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறேன்.' அம்மையாருக்குக் கோபந்தான்; ஆனால் நேர்மையானவர். நாள் குறித்தார். இந்தமுறை அவரே முகக்கவசத்தோடு வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

நான் என்ன முடிவோடு போனேன் தெரியுமா? சரியான இடத்தில் நிறுத்திவிடுவது என்று. பத்தொன்பது புள்ளி நான்கு. அம்மையார் கண்ணுக்கு நிறம் தெரியும், குழாயைப் பார்ப்பார், என் கை நிற்கும், பெண் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். பொய்யுங்கூட இல்லையே? அறிவியல்படி அதுதானே உண்மை? இப்படியெல்லாம் நியாயம் கட்டிக்கொண்டு, சட்டைக்கு இரட்டைக் கஞ்சி போட்டுக்கொண்டு போனேன்.

சொட்டு விழுந்தது. பதினேழு மில்லி. பதினெட்டு. பத்தொன்பது. பத்தொன்பது புள்ளி நான்கில் அந்த மெல்லிய சிவப்பு வந்து நின்றது.

"வந்துட்டு. நிறுத்துங்க அண்ணாச்சி," என்றார் அம்மையார்.

பிறகு அந்த 'வூங் வூங்'.

"இன்னும் வரலியே மேடம். அன்னைக்கு ரோஸ் கலர் வந்த பொறவுதான் அண்ணாச்சி அளவு பாக்கச் சொன்னாவ."

அம்மையார் என்னைப் பார்த்தார். நான் குடுவையைப் பார்த்தேன். என் கை திருகின்மேல் இருந்தது. மூடினால் என் பெயர். திறந்தால் அவள் படிப்பு. இதற்குமேல் அதில் வேதியியல் ஒன்றும் இல்லை.

திறந்தேன். ஒவ்வொரு துளியாக, எண்ணி, பதினெட்டு.

"அண்ணாச்சி, என்ன செய்தீங்க? தாண்டிட்டுதே! அண்ணாச்சி!"

"ஆ! இப்ப வந்துட்டு!" என்றது திரை. யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் ஓர் இதயமும் அனுப்பினான்.

"இருபது புள்ளி மூன்று. இப்படித்தான் அம்மா, ஆண்டு முழுவதும் செய்தேன். தேர்விலும் இப்படித்தான். அந்தப் பெண் கண்ணில் குற்றமில்லை," என்றேன்.

நீதிக்காகத்தான் திறந்தேன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். "வரலியேன்னு ஒரு ஆளு சொன்னா உங்க கை சும்மா இருக்காதே" என்கிறாள் சொர்ணம். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

ஆனால் அம்மையார் படித்தவர். குனிந்து குழாயைப் பார்த்தார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். தம் கையிலிருந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். நான் நினைத்தே பார்த்திராத கேள்வியைக் கேட்டார்.

"சரி. திரையில தெரிஞ்சது இருபது மூணுதான். அப்போ முப்பத்தேழு பேருக்குப் பத்தொன்பது நாலு எங்கேயிருந்து தெரிஞ்சுது?"

"மேடம்... நெட்வொர்க்கு..." என்றான் அந்தோணி ராபின். அவன் கட்டம் அணைந்தது. அடுத்தது ஒன்று. அதன்பின் நான்கைந்தாக அணையத் தொடங்கின. நெல்லைச் சீமை முழுவதும் ஒரே நேரத்தில் நெட்வொர்க் இல்லாமல் போயிற்று.

"யாரு சொன்னது?" என்று அம்மையார் என்னிடம்தான் கேட்டார்.

"பத்தொன்பதாம் எண் வீட்டில் குடியிருப்பவன் நான்தான் அம்மா," என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. கைப்பேசியைக் கவ்வியிலிருந்து கழற்றிச் செய்தியை எடுத்துக் காட்டினேன். படித்தார். என்னைத் திட்டவில்லை. முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, முதல்வர் அறைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மற்றதெல்லாம் வழக்கம்போல நடந்தது. முப்பத்தேழு பேருக்கும் தேர்வு செல்லாது என்றார்கள். கல்லூரி திறந்தபின் நேரில் வந்து எழுதினார்கள். அதில் பதினொரு பேர் தோற்றார்கள். அவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரைப் பேருந்தில் சொல்ல இயலாது. எனக்கு ஒரு மெமோ வந்தது. இசக்கிச்செல்வி தேறினாள், மதுரைக்குப் போனாள். இதை ஒரு தியாகக் கதையாக முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நான் பலமுறை முயன்றிருக்கிறேன்.

முடியவில்லை. காரணம், அம்மையார் போன பிறகு நடந்தது. கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் குடுவையைக் கழுவப் போனேன். "அண்ணாச்சி" என்று ஒரு குரல். எல்லாக் கட்டங்களும் அணைந்திருந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை.

"நீ இன்னும் போகவில்லையா அம்மா?"

"இல்ல. ஒண்ணு கேக்கணும். ஒரு வருசமா நான் பாத்ததெல்லாம் தாண்டிப்போன என்ட் பாயின்ட்தான். நெசமான என்ட் பாயின்ட் எப்படி இருக்கும்? ஒருக்கா நிப்பாட்டிக் காட்டுவீயளா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெய்யான மாணவி! கைப்பேசியை மறுபடியும் கவ்வியில் மாட்டினேன். அமிலத்தைச் சூடாக்கினேன். முப்பத்திரண்டு ஆண்டு அனுபவத்தையும் விரல் நுனிக்குக் கொண்டுவந்து, துளித் துளியாக விட்டு, சரியான இடத்தில் மூடினேன். பத்தொன்பது புள்ளி நான்கு. குடுவைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துக் காட்டினேன்.

"தெரிகிறதா அம்மா?"

"இல்ல அண்ணாச்சி. வெள்ளையாத்தான் இருக்கு."

சன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இப்போது?"

"இல்ல."

"இருக்கிறது அம்மா. விடியற்காலைக் கீழ்வானம்போல... இல்லை, அதைவிடக் குறைவு. குழந்தையின் உள்ளங்கால்போல... அதுவும் இல்லை." நான் படித்த தமிழ் அத்தனையும் அந்த இடத்தில் கைவிட்டுவிட்டது ஐயா. "எப்படியோ, இருக்கிறது. நான் சொல்கிறேன். பத்தொன்பது புள்ளி நான்கு என்று எழுதிக்கொள்."

எழுதிக்கொள்வாள் என்றுதான் காத்திருந்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். அவள் குரலில் கோபங்கூட இல்லை. "காலேஜ் தொறந்த பொறவு நேர்ல வாரேன். பாத்துட்டு எழுதிக்கிடுதேன்."